தோலும் பிலிமும்

ராணிப்பேட்டை
மே 14

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கடைசி ரோலைக் கழுவிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டதில் இவ்வளவு நாள் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி ஏறவிடாதே. இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்கு ஆவணியில் பிரசவம். வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கே ஆற்காட்டுப் பாலத்தில் கைப்பிடிச் சுவரைத் தொட முடியவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். "கையில் நல்ல போன் இருக்கும்போது எதற்கு பிலிம்? அதுவும் போயும் போயும் தோல் பதனிடும் டேனரியை ஏன் படம் எடுக்கிறாய்?" என்று எழுதியிருந்தாய். இரண்டாவது கேள்வியில் இருந்த கசப்பு எனக்குப் புரியாமல் இல்லை. உன் சட்டையில் தோல் நாற்றம் அடிக்கிறது என்று ஏழாம் வகுப்பில் பெஞ்சு மாறி உட்கார்ந்த பையன்கள் எனக்கும் ஞாபகத்தில் இருக்கிறார்கள். நீ அந்த ஊரை விட்டுத்தான் போனாய். நான் இங்கேயே இருந்துவிட்டேன். இருந்தவன் பார்த்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பொங்கலிலிருந்து இதுவரை ஒன்பது ரோல். ஸ்டுடியோவில் மாஸ்டர் எனக்கு விட்டுப்போன அதே யாஷிகா, இரட்டை லென்ஸ், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மேலே குனிந்துதான் பார்க்க வேண்டும், வலது இடது மாறித் தெரியும். இந்தக் குனிவு எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன் கேள். கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கினால் டேனரி ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பத்திரிகைக்காரனோ, மாசுக் கட்டுப்பாட்டு ஆளோ என்ற பயம். நான் வயிற்றருகே பெட்டியை வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றால், அந்த மனுஷன் ஏதோ கிணற்றுக்குள் பார்க்கிறான் என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ஆரம்பித்தேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது இங்கேதான் என்று நம் வரலாற்று வாத்தியார் வருஷா வருஷம் சொல்வாரே. அப்புறம் பாரி கம்பெனி 1906இல் உரத் தொழிற்சாலை போட்ட பக்கம். அதெல்லாம் சுவர் படம்தான். நன்றாக வந்திருக்கிறது, ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை. டேனரிக்குள் போக வேண்டும் என்றுதான் இருந்தது.

மூன்று இடத்தில் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். நான்காவது இடத்து முதலாளியின் மகன் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான், அந்த உறவில் உள்ளே விட்டார். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துப் புது யூனிட் இல்லை, பழைய ஓட்டுக்கட்டடம். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகள் பின்பக்கம் இன்னும் இருக்கின்றன, மண் மூடிக் கிடக்கின்றன. பட்டையில் ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு போட்டுச் சுற்றுகிற டிரம்மில் ஒரே நாளில் முடிந்துவிடும். அந்த ஒரு கணக்குதான் இந்த ஊரையே மாற்றியது.

டிரம் உனக்குத் தெரியும், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மர உருளை. உள்ளே வெளிச்சம் கிடையாது. கூரையில் ஓடு உடைந்த இரண்டு இடத்தில் மட்டும் வெயில் குத்திட்டு இறங்குகிறது. ஸ்டாண்டு போட்டு ஒரு முழு நொடி திறந்துவைத்தேன். கழுவிப் பார்த்தால், சுற்றுகிற டிரம் வெறும் புகையாக ஓடியிருக்கிறது. பக்கத்தில் வாளியோடு நின்ற பீகார் பையன் மட்டும் துல்லியமாக, சட்டைப் பொத்தான் தெரியும்படி நிற்கிறான். மூச்சைக்கூட விடவில்லை போலிருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு அவனுக்கு ஒன்று கொடுத்தேன். ஊருக்கு அம்மாவிடம் அனுப்பப் போகிறேன் என்றான்.

இப்போது பிலிம் ஏன் என்பதற்கு வருகிறேன். இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

கறுப்பு வெள்ளை பிலிமை 20 டிகிரித் தண்ணீரில் கழுவ வேண்டும். எச்பி5 என்கிற பிலிம் ரோலை, டி-76 என்கிற டெவலப்பரில் (படத்தை வரவழைக்கும் மருந்து) பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து போட்டால் 11 நிமிடம். நம் ஊரில் மே மாதம் டேங்க் தண்ணீர் 35க்குக் கீழே இறங்குவதில்லை. ஐஸ் கட்டி வாங்கி வந்து, பெரிய பேசினில் பிலிம் கழுவும் டப்பாவை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் காலத்தில் மாஸ்டருக்கு ஐஸ் கிடைக்காத நாட்களில் ஒரு வழி இருந்தது. கண்ணாடி ஜாடியிலிருந்து கரும் ஊதா நிறத்தில் கல்கண்டு மாதிரி கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைப்பார். குரோம் ஆலம், குரோமியம் கலந்த உப்பு. டெவலப்பரிலிருந்து எடுத்த பிலிமை அதில் முக்குவார். "இல்லேன்னா பூச்சு உருகி வழிஞ்சிடும்டா, இது போட்டா கெட்டியாப் பிடிச்சுக்கும்" என்பார். எது கெட்டியாகிறது, ஏன் ஆகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன மாசம் அந்த டேனரியில், டிரம்மைத் திறந்து தோலைக் கீழே தள்ளினார்கள். ஈரமாக, வெளிறிய நீலத்தில், குவியல் குவியலாக விழுந்தது. வெட் ப்ளூ, குரோமில் பதமான ஈரத் தோலுக்கு அதுதான் பெயர். கேமராவுக்குள் குனிந்திருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நீலத்தை எனக்குத் தெரியும். மாஸ்டருடைய தட்டில் பார்த்த நிறத்துக்கு உறவுக்கார நிறம். உன் அப்பாவின் கால்சட்டை ஓரத்தில், எத்தனை தடவை அம்மா துவைத்தும் போகாமல் இருந்ததே, அந்த நிறம்.

வீட்டுக்கு வந்து பழைய ஸ்டுடியோ புத்தகங்களை எல்லாம் எடுத்து உட்கார்ந்தேன். பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். வெள்ளி உப்பு அதற்குள்தான் தங்கியிருக்கிறது. ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது? மாட்டுத் தோல், எலும்பு. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைச் சீவும்போது விழுகிற துண்டுகளே ஜெலட்டின் காய்ச்சப் போவதுண்டு. தோலில் இருக்கிற அதே புரதம்தான் காய்ச்சினால் ஜெலட்டின். குரோமியம் போய் அந்த இழைகளைக் கோத்துப் பிடிக்கிறது. டிரம்மில் நடந்தால் தோல் பதமாகிறது, என் தட்டில் நடந்தால் படம் நிற்கிறது. உன் அப்பா முப்பது வருஷம் செய்த வேலையைத்தான், பாஸ்கர், நாலு தெரு தள்ளி இருட்டறையில் நானும் சின்னதாகச் செய்துகொண்டிருந்தேன். ஊட்டியில் செய்த 'இந்து' பிலிம் ரோலில் உன் அக்கா கல்யாணத்தை எடுத்தேனே, அதுவும் ஒரு தோல்தான். இந்த ஊரை வேறு எதில் எடுப்பது என்று நீயே சொல்.

ஆனால் கறுப்பு வெள்ளை ஒரு இடத்தில் என்னைக் கைவிட்டது. அதையும் சொல்லியாக வேண்டும்.

1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலைக் கழிவுமேடு சிப்காட்டில் இருக்கிறதே, லட்சக்கணக்கான டன், மழை பெய்தால் அதன் ஓரத்தில் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளில் தேங்கும். தோலில் போகும் குரோமியம் வேறு வகை. இந்த மஞ்சள் ஆறு இணைதிறன் கொண்டது, புற்றுநோய் வரவழைக்கும் விஷம். சித்திரையில் ஒரு கோடை மழை அடித்த மறுநாள் போய் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் தண்ணீர் அழகாக, வெளிர் சாம்பலில், வானம் தெரிகிற குட்டை மாதிரி இருக்கிறது. பார்க்கிறவன் குளிக்கலாம் என்று நினைப்பான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பொய்யான படத்தை எடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

மறுவாரம் கலர் ரோல் ஒன்று வாங்கினேன். விலை அதிகம்தான், பரவாயில்லை. கலர் கழுவ டெவலப்பர் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும், மூன்றேகால் நிமிடம். ஐஸ் தேவையே இல்லை. மத்தியானம் மொட்டைமாடி டேங்கிலிருந்து பிடித்த தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வந்துவிடுகிறது. நம் வெயில் கலருக்கென்றே அடிக்கிறது. குட்டை வற்றுவதற்குள் ஓடிப்போய் நான்கு படம் எடுத்தேன். மஞ்சள் மஞ்சளாகவே வந்திருக்கிறது. அந்த நான்கை மட்டும் கலரில் வைக்கப்போகிறேன், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை.

1996 ஆகஸ்டில் டேனரிக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நீ இங்கேதான் இருந்தாய். ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்று அதில் வந்ததை டீக்கடையில் உரக்கப் படித்தோம். உன் அப்பா மட்டும் பேசாமல் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோனார். வேலை போய்விடுமோ என்ற பயமா, நிலத்தை நினைத்த வருத்தமா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் பிறந்த வீட்டுக் கிணறும் அந்தக் கணக்கில்தானே இருந்தது. 2015 ஜனவரி கடைசியில் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவுச் சேற்றில் செத்தார்கள். அந்த இடத்துக்கும் போனேன். கேமராவைத் திறக்கவில்லை.

கடைசி ரோலில் கடைசிப் படம் உனக்காக எடுத்தது. உன் அப்பாவோடு சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த பெரியவர் இன்னும் இருக்கிறார். காது மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. உன் பெயரைச் சொன்னதும் "அவன் பையனா, எங்க இருக்கான், எத்தினி பசங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பரண்மேலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னார். அவிழ்த்தால், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த வளைந்த கத்தி. மரக்கட்டைமேல் தோலை விரித்துப் போட்டுச் சதை சீவுவது. விளக்கெண்ணெய் தடவி வைத்திருந்தார், துரு ஒரு பொட்டுகூட இல்லை.

"மூஞ்சி வேணாம் சார், கைய எடு" என்றார். சாயங்கால வெளிச்சம் திண்ணையில் சாய்வாக விழுந்தது. கத்தியை மடியில் வைத்து இரண்டு கைப்பிடியையும் பிடித்தார். வலது கட்டைவிரல் நகம் பாதிதான் இருக்கிறது, விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்ற தழும்பு. ஆனால் பிடி அப்படியே இருக்கிறது, மணிக்கட்டு இளசு மாதிரி நிற்கிறது. பிரிண்ட் போட்டு இதனோடு வைத்திருக்கிறேன். அட்டை மடியாமல் பிரி. அம்மாவுக்குக் காட்டு.

இன்னொரு விஷயம். அந்தக் கத்தி உன் அப்பாவுடையதாம். வேலையை விட்டு நின்ற அன்றைக்குப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு அப்பா ஒரு செல்லப் பெயர் வைத்திருந்தாராம், அதைச் சொல்லித்தான் எடுத்து வரச் சொல்வாராம். பெரியவருக்கு அந்தப் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுது. படத்துக்குக் கீழே எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்
மணி