துகள் படங்களைத் தயார்செய்வதும் ஆராய்ச்சிதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியால் புரதங்களின் முப்பரிமாண வடிவத்தை அறிவது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2017-ல் வேதியியல் நோபல் பெற்ற டுபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவரின் பங்கையும் அழகாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால், படங்களைக் கணினியில் ஏற்றினால் வடிவம் தானே வந்துவிடும் என்பதுபோல் எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை. அந்தப் படங்களைத் தயார்செய்வதுதான் என் அன்றாட வேலை.

எலக்ட்ரான் கற்றை புரதத்தைச் சிதைத்துவிடும் என்பதால் மிகக் குறைவாகவே பாய்ச்சுகிறோம். அதனால் ஒரு துகளின், அதாவது ஒரு தனிப் புரத மூலக்கூறின், படத்தைப் பெரிதாக்கினால் சாம்பல் நிறப் புள்ளிகளும் நடுவே லேசான கருமையும்தான் தெரியும். ஒரே பக்கத்தைக் காட்டும் நூற்றுக்கணக்கான துகள்களைப் பொருத்திச் சராசரி எடுத்த பிறகே உருவம் துலங்கும். அந்தச் சராசரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்ல துகள் அல்லாதவற்றைக் களையெடுக்க வேண்டும். புரதத்தைத் தாங்கும் கரிப்படலத்தின் விளிம்பு சட்டென்று பிடிபட்டுவிடும்: படத்தின் ஒரு பாதி மட்டும் அடர்ந்து, கோடு கிழித்தது போல இருக்கும். புரதத்தை உறையவைக்கும்போது உருவாகிவிடும் பனிப் படிகமும் எளிதில் பிடிபடும். பாதி உடைந்த துகள்தான் படுத்தும்; நல்ல துகளின் இன்னொரு பக்கம் போலவே நிற்கும்.

நுண்ணோக்கியின் குவியம் தரும் திரிபைச் சரிசெய்வது, பின்னணியைச் சமன்செய்வது, பிக்சல்களைச் சேர்த்துப் படத்தைச் சிறிதாக்குவது எல்லாம் அப்புறம் உண்டு. இந்தப் படங்களிலிருந்து கணினி உருவாக்கும் முதல் முப்பரிமாண மாதிரிக்கு நுணுக்கம் தேவையில்லை. 20, 30 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அளவில் உருவம் தெரிந்தாலே போதும். ஆனால் துகள் பல கோணங்களில் படிந்திருக்க வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டால் மாதிரி ஒரு திசையில் இழுபட்டுப் போகும்.

சரி, தெரிந்த வடிவம் ஒன்றைத் தொடக்கமாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அதில்தான் ஆபத்து. எந்த உருவமும் இல்லாத, வெறும் புள்ளிகளாலான இரைச்சல் படங்களை ஐன்ஸ்டீன் புகைப்படத்தோடு பொருத்திச் சராசரி எடுத்தால் ஐன்ஸ்டீன் முகமே வரும் என்பதை 2013-ல் ஹெண்டர்சன் எடுத்துக்காட்டி எச்சரித்தார். எதை எதிர்பார்த்தோமோ அதையே கணினி திருப்பித் தந்துவிடும்.

இனி இத்தகைய கட்டுரைகளில் வண்ண மாதிரியின் பக்கத்தில் நுண்ணோக்கியில் எடுத்த மூலப் படம் ஒன்றையும், சில சராசரிப் படங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர் ஒருவர்