பால் கணக்கு எழுதிப் பார்த்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "நான் ஒரு மொழி செஞ்சுகிட்டு இருக்கேம்மா" என்றாய். நான் "எதுக்குடா இது?" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "சும்மாதாம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை அப்பாவின் முழங்காலுக்குக் கொண்டுபோய்விட்டாய். போனை வைத்த பிறகு எனக்கு மனசே சரியில்லை. மறுபடி பேசினால் மறுபடி ஏதாவது கேட்டு வைப்பேன், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய எழுத்துப் பட்டியலைக் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பா பார்த்துவிட்டு, "கொசு செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு" என்றார். அவரை விடு. 27 வருஷம் என் சுருக்கெழுத்து நோட்டைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்.

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தர் உட்கார்ந்து யோசித்துச் செய்த எழுத்தில்தானே நான் அத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்! ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் 1837-இல் வெளியிட்ட முறை அது. வாயில் ஒரே இடத்தில் பிறக்கும் ஜோடி ஒலிகளுக்கு ஒரே கோடு. ஆங்கிலத்து 'பி'க்குச் சாய்ந்த மெல்லிய கோடு. அதையே அழுத்திப் போட்டால் உரத்து ஒலிக்கும் இன்னொரு 'பி'. 'டி' இரண்டுக்கும் நிற்கும் கோடு, 'கே'வுக்கும் 'ஜி'க்கும் படுத்த கோடு. உயிர் ஒலிகளெல்லாம் புள்ளியும் சின்னக் கீற்றும். வேகம் வந்துவிட்டால் அவற்றையும் விட்டுவிடுவோம், சொல்லே இன்னதென்று தெரிந்துவிடும். இன்ஸ்டிடியூட்டில் நிமிஷத்துக்கு 120 சொல் எடுத்தபோது நான் யாரிடமும் "எதுக்கு இது" என்று கேட்டதில்லை. சீனியர் பாஸ் பண்ணினால் வேலை கிடைக்கும், அதுதான் பதில். உன்னுடையதற்கு அந்தப் பதில் இல்லை என்பதால் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். உன் எழுத்தை எழுதிப் பார்த்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் நோட்டு. முதல் நாள் ஒவ்வொன்றையும் பத்துப் பத்து தடவை. இரண்டாம் நாள் மளிகைச் சீட்டு எழுதினேன். மிளகு 50 கிராம், பயறு அரை கிலோ, புளி கால் கிலோ. எழுதி முடித்துக் குக்கர் வைத்துவிட்டு வந்து வாசித்தால், எது ப, எது ம என்றே தெரியாமல் பிளகு, மயறு, முளி என்று வருகிறது!

நீ ப-வுக்கு உதடு மூடிய மாதிரி ஒரு வட்டம் போட்டாய். ம-வுக்கு அதே வட்டத்தின் தலையில் மூக்குக்காக ஒரு சின்னக் கீற்று. யோசனை ரொம்பச் சரி. தொல்காப்பியத்தில் இதற்கென்றே பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. இரண்டு உதடும் சேர்ந்தால் பிறப்பவை ப-வும் ம-வும் என்று அதில் சொல்லியிருக்கிறது. கொரியாவில் செஜோங் அரசர் 1443-இல் செய்து 1446-இல் மக்களுக்கு அறிவித்த எழுத்திலும் ம-வுக்கு வாயின் வடிவம்தான், அதிலேயே கோட்டை நீட்டி ப. நாக்கின் அடி மேலே எழும்புவதைப் பார்த்து க, நுனி மேலே தொடுவதைப் பார்த்து ந. இதையெல்லாம் நீ எப்போதோ படித்திருப்பாய். எனக்குப் போன வாரம்தான் தெரியும்.

ஆனால் தம்பி, காதுக்குத் தெரிவதெல்லாம் கைக்குத் தெரியாது. அவசரத்தில் கை முதலில் விழுங்குவது தலையில் இருக்கும் கீற்றைத்தான். பிட்மனின் மெல்லிய கோடு, தடித்த கோடுகூட நிப்பு பேனாவும் பென்சிலும் இருந்தவரைக்கும்தான் நன்றாக நடந்தது. பால் பாயிண்ட் பேனாவில் எல்லாம் ஒரே தடிமன். கிரெக் என்பவர் 1888-இல் தன் சுருக்கெழுத்தை வெளியிட்டபோது தடிப்பையே தூக்கிவிட்டு, கோட்டைச் சின்னது பெரியது என்று நீளத்தால் பிரித்தார். நீயும் ம-வின் கீற்றைக் கீழே இறக்கி வாலாக்கிவிடேன். கை கீழே இறங்கும்போது அவ்வளவு சீக்கிரம் மறக்காது. இது ஒரு பழைய ஸ்டெனோவின் அபிப்பிராயம், உன் இஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாதது. நீ ஒன்பதாவது படிக்கும்போது 192 பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தாயே, நீல அட்டை போட்டது, உள்ளே முழுக்க நீயே செய்த எழுத்து. அது எங்கேயோ தொலைந்துவிட்டதாக நீ ரெண்டு நாள் வீட்டையே புரட்டினாய். தொலையவில்லை. நான்தான் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டேன். அதற்கு முன்னால் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து அதை வாசிக்கப் பார்த்தேன் என்பதும் உனக்குத் தெரியாது. ஏதோ பெண்ணுக்கு எழுதிய கடிதமாக இருக்கும் என்று பயம். எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணினேன், அது அ-வாக இருக்கும் என்று வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. எப்படி ஒட்டும்? எழுத்து மட்டும்தான் புதுசு, உள்ளே தமிழ் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேடினேன். உள்ளே இருந்த மொழியும் உன்னுடையது என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அன்றைக்கு உன்னைக் கேட்டால் நீ வாயைத் திறக்கவில்லை, எனக்குக் கோபம், அப்புறம் நோட்டு போய்விட்டது.

எஸ்பெராண்டோ என்கிற செயற்கை மொழியைச் செய்த ஸாமென்ஹோஃப் கதையைப் படித்தபோது இதனால்தான் நெஞ்சில் குத்தியது. பள்ளிக்கூடத்திலேயே மொழி செய்ய ஆரம்பித்த பையன். அவனுடைய அப்பா, முதலில் டாக்டருக்குப் படி, இதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். மாஸ்கோவில் படித்துவிட்டு வந்து கேட்டால் எரித்துவிட்டிருந்தாராம். அந்த அப்பாவே மொழி கற்றுக்கொடுக்கும் வாத்தியார்! மகன் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதி, 1887-இல் வார்சாவில் புத்தகம் போட்டார். பதினாறே விதிகள். அச்சுச் செலவு மாமனார் கொடுத்தது. கல்யாணத்துக்கே பிடிகொடுக்காத உனக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களுக்கு எழுத்து செய்த செக்கோயா வெள்ளி வேலை செய்தவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவர் கிறுக்கியதையும் மனைவி நெருப்பில் போட்டதாகச் சொல்கிறார்கள். ஆக இந்த விஷயத்தில் எனக்குக் கூட்டாளிகள் நிறைய. ஆனால் 1821-இல் எண்பத்துச் சொச்சம் எழுத்தோடு அவர் அதை முடித்தபோது, முதலில் கற்றுக்கொண்டது அவருடைய சின்ன மகள். ஊர்க்காரர்கள் நம்பவில்லை. மகளைத் தூரத்தில் நிறுத்தி, இவர்கள் சொன்னதை அப்பா எழுத, அவள் வந்து அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறாள். உனக்கு மகள் இல்லை, அம்மாதான் இருக்கிறேன்.

நீ வெட்கப்பட்டதற்கும் முன்னோர் இருக்கிறார்கள். தன் கதைகளில் வரும் எல்ஃபுகளுக்கு மொழி செய்த எழுத்தாளர் டோல்கியன் 1931-இல் இதைப் பற்றிப் பேசிய உரைக்கு 'ரகசியக் கெட்ட பழக்கம்' என்கிற மாதிரிதான் தலைப்பு. பட்டாளத்துப் பயிற்சி வகுப்பில் பக்கத்தில் இருந்த ஒருவர், யாரோ ஏதோ நடத்திக்கொண்டிருக்கும்போது, இரண்டாம் வேற்றுமையை முன்னொட்டு வைத்துக் காட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். நானும் பெரியம்மாவும் கிணற்றடியில் 'கநீ கவா' என்று க-பாஷை பேசி உன் ஆச்சியை எரிச்சல்படுத்தியதெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம். 'பாகுபலி'யில் காலகேயர் பேசுகிற கிளிக்கியை மதன் கார்க்கி செய்தார் இல்லையா, அதில் 'மின்' என்றால் நான், திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ. அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டு திரிகிறது.

உன் இலக்கணம் முழுக்க எனக்குப் பிடிபடவில்லை. கண்ணால் பார்த்ததற்கு ஒரு விகுதி, கேள்விப்பட்டதற்கு ஒரு விகுதி என்று பெருமையாகச் சொன்னாய். அடேய், அது நம் அடுக்களையிலேயே கிடக்கிறது. 'வந்தாள்' என்றால் நான் பார்த்தேன். 'வந்தாளாம்' என்றால் சொன்னவள் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டேன். துருக்கி மொழியிலும் 'மிஷ்' என்று ஒன்று உண்டாம். கேள்விப்பட்டதுதான், அதனால் நானும் ஆம் போட்டுக்கொண்டேன். ஆனால் மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறாயே, தடயத்தைப் பார்த்து ஊகிப்பதற்கு, அது பிரமாதம். 'ராத்திரி மழை பெய்திருக்கும் போலிருக்கிறது' என்று நான் இழுத்துச் சொல்வதை நீ ஒரு எழுத்தில் முடித்துவிட்டாய்.

ஒரு குறை. உன் பட்டியலில் நாமும் நாங்களும் ஒரே சொல்லாகக் கிடக்கின்றன. தமிழில் பிறந்தவன் இதை எப்படி விட்டாய்? 'நாங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம்' என்பதற்கும் 'நாம் போகிறோம்' என்பதற்கும் எத்தனை தூரம்! எனக்கு இரண்டும் வேண்டும், ஒன்றை வைத்துக்கொண்டு உனக்குக் கடிதம் எழுத முடியாது. இரண்டு சொல்லையும் அனுப்பு.

ம-வுக்கு வால் வைப்பதா வேண்டாமா என்பதையும் சீக்கிரம் சொல். இந்த மாதப் பால் கணக்கை உன் எழுத்தில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாததால், எத்தனை பாக்கெட் வந்தது என்று தினமும் என்னைத்தான் கேட்கிறார். நேற்று அந்த ஃப்ரிட்ஜ் கதவு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அன்புடன்,
அம்மா