மாமிக்கு ஒத்தணம் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

மாமிக்கு இடுப்பு நோ தாங்க முடியவில்லை, சுடுதண்ணிப் பையால் ஒத்தணம் கொடுத்தேன், நல்ல நித்திரை கொள்கிறா என்று நேற்றுப் போனில் சொன்னாயே, அதைக் கேட்டதும் எனக்குப் பதறிப்போய்விட்டது. திரும்ப எடுத்து, மாமி எழும்பித் தேத்தண்ணி குடித்தா என்று நீ சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. வேலைக்குப் போகிற அவதியில் நான் சொன்னதை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய். அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

ஒத்தணம் பிடிக்க உனக்குப் பழக்கினதே நான்தான். நொச்சி இலை அவித்து வேது பிடிப்பது, தவிட்டை வறுத்துக் கட்டி ஒத்துவது, எண்ணெய் வைத்துச் சுடுதண்ணியில் முழுகுவது என்று, நோ வந்தால் எங்கள் கை முதலில் சூட்டைத்தான் தேடும். மாமியின் தோளில் நோவுக்கு ஒட்டுகிற அந்த ஃபென்டனில் மருந்துப் பிளாஸ்டர் இருக்கும்வரை இதெல்லாம் வேண்டாம்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் நோவுக்கு மோர்பின்தான் கொடுத்தோம். ஃபென்டனில் அதைவிட ஏறக்குறைய 100 மடங்கு வலுவானது. அதனால்தான் மணிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அளந்து, 72 மணித்தியாலத்துக்குச் சிறிது சிறிதாகத் தோல் வழியே இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். சூடு பட்டால் அந்த அளவு குழம்பிவிடும். தோல் மருந்தைக் கூடுதலாக உள்ளே விடும், இரத்த ஓட்டமும் கூடி அதை வேகமாகக் கொண்டுபோகும். அளவு மீறினால் மயக்கம் வரும், மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகலாம். அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2005இலேயே இதை எச்சரித்தது. ஹீட்டிங் பாட், மின்சாரப் போர்வை, சுடுதண்ணித் தொட்டி, நேர் வெயில் எல்லாம் இதில் அடங்கும். காய்ச்சலும் அப்படித்தான். உடம்புச் சூடு 40 பாகைக்கு ஏறினால் இரத்தத்தில் மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாமிக்குக் காய்ச்சல் காய்ந்தால் உடனே டொக்டருக்குச் சொல்லு.

நோ அடங்கவில்லை என்றாலும் டொக்டரிடம்தான் சொல்ல வேண்டும். அளவை மாற்றுவது அவருடைய வேலை. நீ காலை மெதுவாக அமுக்கிவிடு, பக்கத்தில் இரு.

இனிக் கவனமாக வாசி. எழுப்பினாலும் எழும்பாத நித்திரை, வழக்கமில்லாத குறட்டை, இடைவெளி விட்டு வரும் மூச்சு, குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு. இதில் எதைக் கண்டாலும் பிளாஸ்டரை உரித்துவிட்டு 911ஐ அழை. உரித்தாயிற்று, இனிப் பயமில்லை என்று இருந்துவிடாதே. தோலுக்கடியில் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 17 மணித்தியாலம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். இந்த மருந்து மீறினால் அதை முறிக்கிற நலொக்சோனை உங்கள் ரொறன்ரோ ஃபார்மசிகளில் இலவசமாகத் தருகிறார்கள். நாளைக்கே வாங்கி வை.

கழற்றிய பிளாஸ்டரிலும் மருந்து மிச்சம் இருக்கும். சின்னவன் எடுத்து ஒட்டினால் பெரிய ஆபத்து. ஒட்டும் பக்கம் உள்ளே இருக்க மடித்து, அவனுக்கு எட்டாத இடத்தில் வை. ஒன்ராறியோவில் பழையதைக் கொடுத்தால்தானே புதியது தருவார்கள்.

ஆவணியில் நல்லூர்த் தேருக்கு மாமியைக் கூட்டி வருவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வெளிவீதி வெயிலில் அவவை நிற்க வைக்க முடியாது. விடியற்காலைப் பூசைக்குக் கூட்டிப் போவோம், தேரை வீட்டிலிருந்து டிவியில் பார்க்கட்டும். முன் அறையில் ஏசி பூட்டச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். டொக்டரின் கடிதமும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். இங்கே இலங்கையில் அம்புலன்ஸ் இலக்கம் 1990, இப்பவே போனில் போட்டு வை.

ஒத்தணம் கேட்டும் மருமகள் தரவில்லை என்று மாமி மனம் நோகக்கூடாது. சனிக்கிழமை எடுக்கும்போது போனை அவவிடம் கொடு, நானே சொல்கிறேன்.

அன்புடன்
அம்மா