மேற்கு வேலி

அன்புள்ள மகனுக்கு,

"காணி அளக்க எவ்வளவு காசு முடியும்?" என்று ஒரு வரி மட்டும் அனுப்பினாய். அதற்குப் பிறகு மூன்று கிழமையாக உன் குரலே இல்லை. என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அக்காவுடன் ஒரு அளவையாளரிடம் போனேன். மனிசன் தொகை சொல்லாமல் கேள்விதான் கேட்டார். பிளான் இருக்கா என்றார். எங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் நாலு பக்கத்தாரின் பெயரும் "4 பரப்பு 6 குழி" என்ற அளவும்தான், படம் இல்லை. பழைய பிளான் இருந்தால் அதை வைத்து எல்லைக் கல்லுப் போடலாமாம், இல்லாவிட்டால் பக்கத்துக் காணி உறுதிகளையும் பதிவகத்தில் தேட வேண்டும், அங்கேதான் காசு ஏறுகிறது. பிறகு மூலைகள். எங்களுடையது ஒழுங்கை வளைகிற இடத்தில் உடைந்து ஏழு மூலையாய்க் கிடக்கிறதே. பின்வளவுப் பற்றையை வெட்டாமல் கருவியால் பார்க்க ஏலாது, அதற்கு ஆட்கூலி வேறு. துண்டு பிரிப்பதென்றால் இன்னும் கூடும், கிணற்றுப் பங்கும் பாதையும் காட்ட வேண்டும். நீ துண்டு பிரிக்கவா கேட்கிறாய்? சரி, கேட்கவில்லை என்றுதானே சொன்னேன்.

லைசன்ஸ் உள்ளவரிடமே கொடு. தொகையை எழுத்தில் வாங்கு. கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தவனுக்கு நான் சொல்லித் தரவா, ஆனாலும் எழுத்தில் வாங்கு. அக்காவின் மூத்தவளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

அளக்கிற அன்று பக்கத்துக்காரரும் நின்றால் நல்லது என்றார். எனக்கு வாய் வரவில்லை. 95 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போய் 96 இல் திரும்பினபோது மேற்கு வேலி இல்லை, யாரோ விறகுக்குப் பிடுங்கியிருந்தார்கள். மேற்குக் காணிக்கார மாமி குடும்பம் வன்னிக்குப் போயிருந்தது. அப்பா வேலிக்குப் புதுக் கதியால் தடிகள் நடும்போது கயிற்றை ஒரு முழம் மாமியின் பக்கம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தது நான்தான். நீ ஊஞ்சல் கட்டின பூவரசு அந்தக் கதியால்தான். அப்பா சாகும்வரை அதைக் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. மாமி கடைசிவரை திரும்பி வரவேயில்லை, மகள் இப்போது ஜேர்மனியில் என்று கேள்வி.

கல் எங்கே விழவேண்டுமோ அங்கே விழட்டும், மரம் போனால் போகட்டும். மாமியின் மகளின் நம்பரைத் தேடி நீதான் முதலில் கதைக்க வேண்டும், என்னால் ஏலாது. அதற்கு முன் எனக்கு ஒருக்கால் எடு. மருமகளிடமும் போனைக் கொடு, அவள் குரல் கேட்டும் கனநாளாகிவிட்டது.

அம்மா