உன்னிடம் காப்பியடித்த அந்த ஒற்றை வரி

மாப்ளே,

பொங்கல் வாழ்த்துக்கே பதில் போடாதவன் ஆடி மாதத்தில் கடிதம் எழுதுகிறான் என்றால் ஏதோ வம்பு என்று உனக்குத் தெரிந்திருக்கும். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லோரும் சௌக்கியம், சர்வரைத் தவிர.

அத்தையின் மளிகைக் கடைக்கு நான் எழுதிக்கொடுத்த பில்லிங் புரோகிராம் ஞாபகம் இருக்கிறதா? மூன்று வாரத்துக்கு முன்னால், "ஒரு பில் போடுவதற்குள் ஆளே போய்விடுகிறான்டா" என்று போன் வந்தது. சர்வருக்குள் போய், எந்த புரோகிராம் எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை அடித்துப் பார்த்தால் சிபியு 100 சதவீதம். கெடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்று ஒரு பிராசஸ். லினக்ஸின் மையமான கெர்னலிலேயே கெடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்று ஒன்று உண்டு. அதே பெயரை வைத்துக்கொண்டு கடைசியில் ஓர் ஐ மட்டும் கூடுதல். அத்தை வாடகை கட்டும் சர்வரில் உட்கார்ந்து எவனுக்கோ மொனீரோ என்ற கிரிப்டோ காசைத் தோண்டிக்கொண்டிருந்தது.

அதைக் கொன்றேன், திரும்ப வந்தது. மறுபடி கொன்றேன், மறுபடி வந்தது. எப்படி நுழைந்தான் என்றுதான் புரியவில்லை. ஃபயர்வாலில் 22, 80, 443 என்ற போர்ட்டுகளை, அதாவது நுழைவாசல்களை, தவிர எல்லாம் மூடல். அந்த ஃபயர்வாலை நடத்தும் யுஎஃப்டபிள்யூவும் அப்படித்தான் சத்தியம் செய்தது. வீட்டு லேப்டாப்பிலிருந்து எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தேடும் என்மேப்பை விட்டுப் பார்த்தால், டேட்டாபேஸின் வாசலான 5432 ஈ என்று இளித்துக்கொண்டிருக்கிறது!

எல்லாம், டேட்டாபேஸை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கர் செய்த வேலை. 5432:5432 என்று போர்ட்டைத் திறந்தால் அது தானாகவே லினக்ஸின் ஃபயர்வால் விதிப்பட்டியலான ஐபிடேபிள்ஸில் விதி எழுதிக்கொள்கிறது. வரும் பாக்கெட்டின் முகவரி நேட் அட்டவணையிலேயே மாறி, நேராக கன்டெய்னருக்குப் போய்விடும். யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் இன்புட் வாசல் பக்கமே அது வராது. உள்ளே இருக்கும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் யூசர் பெயர் போஸ்ட்கிரெஸ், பாஸ்வேர்டும்... சிரிக்காதே, அதுவேதான். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் வேறு. 9.3 பதிப்பிலிருந்தே காப்பி ஃப்ரம் புரோகிராம் என்று ஒரு கட்டளை இருக்கிறது, டேட்டாபேஸுக்குள்ளிருந்தே, இயங்குதளத்துக்கு இடும் ஷெல் கட்டளையை ஓட்டலாம். வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

பழைய சர்வரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். இப்போது 127.0.0.1:5432:5432, அதாவது அந்த சர்வருக்குள்ளிருந்து மட்டும். அந்த நான்கு எண்கள்தான் வித்தியாசம். வெளியிலிருந்து எனக்கே நேர்வழி கிடையாது, எஸ்எஸ்எச் டன்னல் என்ற பூட்டிய பாதை போட்டுத்தான் உள்ளே போகிறேன். பில்லிங்குக்குச் சூப்பர்யூசர் இல்லாத தனி ரோல். யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி எச்பிஏ ஃபைலில், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஸ்கிராம் முறை. அதில் மேலிருந்து முதலில் பொருந்தும் வரியே செல்லும் என்பது தெரியாமல், மேலே ட்ரஸ்ட் (பாஸ்வேர்டே கேட்காதே) என்று ஒரு வரியை விட்டுவிட்டு, தப்பான பாஸ்வேர்டையும் ஏற்கிறதே என்று ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டது தனிக்கதை.

சரி, இதெல்லாம் வேலை. உறுத்துவது வேறு. அந்த டேட்டாபேஸில் தெருவில் யார் யார் எவ்வளவு கடன் பாக்கி என்ற கணக்கும் போன் நம்பர்களும் இருக்கின்றன. தோண்ட வந்தவன் அதையும் அள்ளிப் போனானா என்று சொல்ல என்னிடம் லாக் இல்லை. அத்தை இன்னும் "வேகமாக ஓடுதுடா, கெட்டிக்காரன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். நீயும் கூட வாயேன்.

வந்துதான் ஆகவேண்டும். அந்த 5432:5432 வரி நான் எழுதியதில்லை. உன் டாக்கர் கம்போஸ் ஃபைலிலிருந்து சுட்டது, பாஸ்வேர்டு உட்பட. உன் சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதுதானே? இதை மடித்து வைப்பதற்கு முன்னால் ஒரு என்மேப் விட்டுப் பார்.

உன்,
கெட்டிக்காரன்