என்.ஆர்.ஓ. கணக்கைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிச் சலுகைகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. “என்.ஆர்.ஐ. கணக்கின் வட்டிக்கு வரி கிடையாது, பணத்தை நினைத்த நேரத்தில் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம்” என்று அதில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து என் மைத்துனர் போன் செய்தார். “வரியே கிடையாதாமே மச்சான், அப்புறம் ஏன் எப்பவும் கையில பணம் இல்லைங்கிறீங்க?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாகத் தங்கள் பத்திரிகையைப் படிப்பவர், அதில் வந்ததை நம்புகிறார்.

தங்களுக்குத் தெரியாததல்ல, வெளிநாடுவாழ் இந்தியர் வைக்கும் கணக்குகளில் என்.ஆர்.இ. வேறு, என்.ஆர்.ஓ. வேறு. நாங்கள் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கானது என்.ஆர்.இ. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அசலையும் வட்டியையும் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். கட்டுரையாளர் எழுதியது இதற்கு மட்டும்தான் பொருந்தும். வீட்டு வாடகை, பூர்வீக நிலம் விற்ற பங்கு, பென்ஷன் என்று ஊரிலேயே வரும் பணம் பெரும்பாலும் என்.ஆர்.ஓ.வில்தான் விழும். வெளிநாடு போகுமுன் வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கையும் என்.ஆர்.ஓ.வாக மாற்றியாக வேண்டும். இந்தக் கணக்கின் வட்டியில் 30 சதவீதமும் அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் தீர்வையும், ஆக 31.2 சதவீதம் முதல் ரூபாயிலிருந்தே பிடிக்கிறார்கள். ஊரில் இருக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வட்டி வரை டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தம் இல்லை, அதற்குமேல் போனாலும் 10 சதவீதம்தான். கூடுதலாகப் பிடித்தது திரும்ப வேண்டுமென்றால் நாங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் சலுகை என்று எழுத எப்படி மனம் வந்தது?

‘நினைத்த நேரத்தில்’ என்ற சொல்தான் என்னை அதிகம் புண்படுத்தியது. என் மனைவிக்கு இங்கே மஸ்கட்டில் அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அப்பா விட்டுப்போன வீட்டின் வாடகை ஊரில் என்.ஆர்.ஓ. கணக்கில் சேர்ந்து கிடந்தது. அதில் நான்கு லட்சம் ரூபாயை இங்கே வரவழைக்கலாம் என்று வங்கிக்கு எழுதினேன். என்.ஆர்.ஓ.விலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. நான் கேட்டது அதில் ஒரு துளி. ஒரு நிதியாண்டில் மொத்தம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வரித்துறைக்குத் தரும் 15சிஏ படிவத்தின் முதல் பகுதியை நாமே நிரப்பினால் போதும், ஆடிட்டரின் 15சிபி சான்று தேவையில்லை என்பது வருமான வரி விதி. அந்த விதியை அச்செடுத்தே அனுப்பினேன். “விதி இருக்கலாம் சார், ஆனா 15சிபி இல்லாம எங்க ஹெட் ஆபீஸ் அனுப்பாது” என்று பதில் வந்தது.

ஆடிட்டருக்குப் பணம் கட்டிச் சான்று வாங்கினேன். பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் கையெழுத்திட்டு, மூலப் படிவமே வேண்டும் என்றதால் கூரியரில் அனுப்பினேன். அது கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘சைன் டிஃபர்ஸ்’ என்று இரண்டே சொல். கணக்குத் தொடங்கிய நாளில் தமிழில் போட்ட அதே கையெழுத்துதான் இன்றும் போடுகிறேன். கடைசி ‘ஜ்’ எழுத்தின் வால் பழைய அட்டையில் இருப்பதைவிட நீண்டிருக்கிறதாம். இளைஞனாக இருந்தபோது போட்ட கையெழுத்து இத்தனை வருடம் கழித்து இம்மி பிசகாமல் இருக்குமா? தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அந்தப் பணம் வந்து சேர்ந்தபோது மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். பில்லைக் கட்டியது என்னோடு வேலை பார்க்கும் தோழர்கள் கைமாற்றாகக் கொடுத்த பணம். அவர்களில் இருவர் தொழிலாளர் கேம்பில் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருப்பவர்கள்.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். 2021இல் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தின்படி முதலில் வங்கியிடம் புகார் கொடுத்து, பதிலுக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டவர்கள் எங்கே காத்திருப்பது?

அனுப்பும் பக்கத்திலும் நிம்மதி இல்லை. நம் ஊர்ப் பெயருக்கு இனிஷியல் உண்டே தவிர குடும்பப் பெயர் கிடையாது. என் பாஸ்புக்கில் ‘எம். செல்வராஜ்’. பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் அப்பா பெயர் ‘முத்தையா’ ஏறிவிட்டது. இங்கே ரெசிடென்ட் கார்டில் ‘செல்வராஜ் முத்தையா’. தங்கை மகள் கல்யாணத்துக்காக இங்குள்ள வங்கியிலிருந்து, நாடுகளுக்கிடையே வங்கிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் மூலம் டாலரில் என் சொந்த என்.ஆர்.இ. கணக்குக்கே பணம் போட்டேன். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்கு எண் சரி, ஐ.எஃப்.எஸ்.சி. சரி, பாஸ்போர்ட் நகல் அவர்களிடமே இருக்கிறது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கட்டணம் எல்லாம் என்னுடையது என்று முன்னமே ஒப்புக்கொண்டு அனுப்பியும், திரும்பி வந்த பணம் குறைந்திருந்தது. டாலரை மீண்டும் ரியாலாக்கியபோது இன்னும் குறைந்தது. யார் பிடித்தார்கள் என்று கேட்டால் இரு வங்கியும் நடுவில் இருக்கும் கரஸ்பாண்டண்ட் வங்கியைக் கைகாட்டின. ஒவ்வொரு ஸ்விஃப்ட் பரிமாற்றத்துக்கும் யு.இ.டி.ஆர். என்று 36 எழுத்தில் ஒரு தொடர் எண் உண்டு. பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று அதை வைத்துப் பார்த்துவிடலாம். மஸ்கட் வங்கி அதைத் தந்தது. ஊர்க் கிளையில் அது என்ன எண் என்று என்னையே கேட்டார்கள்.

இனிஷியல் வைத்திருப்பது தமிழர்களின் குற்றமா? தமிழ்நாட்டில் கிளை திறந்து, தமிழர்களின் டெபாசிட்டை வாங்கிக்கொள்ளும் வங்கிக்கு ‘எம்.’ என்பது முத்தையாதான் என்று புரிந்துகொள்ள இத்தனை சிரமமா?

வெளிநாட்டு மொபைல் எண்ணிலேயே யு.பி.ஐ. என்று 2023 ஜனவரியில் பத்து நாடுகளின் பட்டியல் வந்தது. அதில் நான் இருக்கும் ஓமனும் உண்டு. தாங்களும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். நான் விண்ணப்பித்தபோது என் வங்கி இந்த நாட்டு எண்ணுக்கு வசதி இல்லை என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜூன் 30க்குப் பிறகு, ஆதாருடன் இணைக்கவில்லை என்று என் பான் எண் செயலிழந்தது. எங்களுக்கு அந்த இணைப்பிலிருந்து விலக்கு இருந்தும், வரித்துறைக் கணினியில் நான் உள்நாட்டுவாசியாகவே பதிவாகியிருந்ததால் வந்த வினை. பாஸ்போர்ட் நகலை அனுப்பி, நான் வெளிநாட்டில் இருப்பவன் என்று நானே நிரூபிக்க வேண்டியிருந்தது.

2023-24இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 118.7 பில்லியன் டாலர் என்றும், மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது அதில் 10.4 சதவீதம் என்றும் ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. என்.ஆர்.ஐ. என்றதும் கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியவரின் படத்தைத் தாங்கள் போடுகிறீர்கள். கிரேன் ஓட்டுபவரும் நர்ஸும் வெல்டரும் அந்த 10.4 சதவீதத்துக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரில் ஆடிட்டர் கிடையாது. வங்கியின் ஆங்கில மின்னஞ்சலைப் படித்துச் சொல்லவும் ஆள் இல்லை. தமிழில் அவர்களுக்கு எட்டுவது தங்கள் பத்திரிகை ஒன்றுதான். அதனால்தான் ஒரு வரி பிசகியதற்கு இத்தனை மனம் வருந்தி எழுதுகிறேன்.

தங்களிடம் நான் கேட்பது ஒரு சிறு திருத்தம். அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். என்.ஆர்.ஓ. வட்டியில் 31.2 சதவீதம் பிடிப்பார்கள் என்பதும், ஒரு நிதியாண்டில் மொத்தம் 5 லட்சத்துக்குள் அனுப்ப ஆடிட்டர் சான்று தேவையில்லை என்பதும், பாஸ்புக்கிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் இருந்தால் போதும். ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாளான ஜூலை 31க்கு முன் வந்தால், பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம் என்றே தெரியாமல் இருக்கும் சிலருக்காவது இந்த வருடம் உதவும்.

இப்படிக்கு,
மு. செல்வராஜ்,
மஸ்கட்.