கை உடைந்த கதையும் உன் தம்பி விஷயமும்

திருச்சி,
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. போனிலும் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறேன் என்று நீ ராணி அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டது என் காதுக்கு வந்தது. காரணம் இருக்கிறது. மாசியில் என் இடது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டை இப்போதுதான் பிரித்திருக்கிறார்கள். பதறாதே, எலும்பு கூடிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடிகிறது, கத்தரிக்கோலைப் பிடித்துத் துணி வெட்டும்போது துணியை அழுத்திப் பிடிக்கத்தான் வலிக்கிறது. உன்னிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கஞ்சி குடிக்க வைப்பாய் என்றுதான் சொல்லவில்லை.

இப்போது சொல்வதற்கும் காரணம் உண்டு. உன் தம்பி செல்வத்தை வேன் இடித்த விஷயத்தை ராணி அக்கா சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் என் கதையைப் படி, அப்போதுதான் நான் ஏன் இப்படிப் படபடக்கிறேன் என்று புரியும்.

தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுப்பதற்காக சாஸ்திரி சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஓரமாக நின்றிருந்த காரின் கதவு சட்டென்று திறந்தது. கதவின் விளிம்பு ஹேண்டில்பாரில் இடித்தது, கையை ஊன்றி விழுந்தேன். கூடையில் இருந்த கொக்கி டப்பா மூடி கழன்று, தார்ச்சாலை முழுக்கக் கொக்கிகள் மினுமினுத்தன. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் நிறுத்தினாரே, அவர் குலம் வாழட்டும்.

காரை ஓட்டி வந்த பையன் இறங்கினான். கையில் போன். "சைக்கிள்தானே ஆன்டி, பார்த்து வரக்கூடாதா?" என்றான். பிறகு நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினான். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர், "வாங்கிக்கொண்டு போம்மா, எதற்கு வம்பு" என்றார்கள். மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வருகிறது, இவர்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள்!

சைக்கிள்தானே! மல்லிகா, 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டையில் நாம் போன ஊர்வலம் நினைவிருக்கிறதா? 1,500க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி, ஒரே மணிச் சத்தம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் உன் அப்பாவின் சைக்கிளையே எடுத்து வந்தாயே, பாரைத் தாண்டிக் காலைப் போடத் தெரியாமல் கண்மாய்க்கரையில் சரிந்தாயே! ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிளையும் சேர்த்தபோது ஊரே என்ன பேச்சுப் பேசியது? அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு கற்றது. அந்தச் சைக்கிளில்தான் இத்தனை வருடமாகத் துணி வாங்கி, துணி கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். நான்கு தாளை நீட்டி அதை அற்பமாக்க யாரையும் விடமாட்டேன்.

பணத்தை வாங்கவில்லை. கார் எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஓர் ஆட்டோக்காரர் தன் போனில் திறந்த கதவோடு படம் எடுத்துத் தந்தார், சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றார்.

மருத்துவமனையில்தான் முக்கியமான விஷயம் நடந்தது. விபத்துப் பதிவேட்டில், அதுதான் ஏ.ஆர். காப்பி என்கிறார்களே, அதில் டாக்டர் "சைக்கிளிலிருந்து விழுந்ததாக" என்று எழுதப் போனார். நான் விடவில்லை. "கார் கதவு இடித்து விழுந்தேன், இதுதான் எண், அப்படியே எழுதுங்கள்" என்றேன். எழுதினார். பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தானாம். தானாக விழுந்தாள் என்று அதில் இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்த்தார்கள். ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புவேன் என்று சொன்ன பிறகு முதல் தகவல் அறிக்கை கிடைத்தது. அந்த அலைச்சலை எழுதினால் தாள் போதாது, விடு.

பிறகு பையனின் அப்பா வீட்டுக்கு வந்தார். பையில் ஆப்பிள், உறையில் பத்தாயிரம், கூடவே ஒரு முத்திரைத்தாள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். என் பெரியவனும், "வாங்கிக்கொள் அம்மா, கோர்ட்டுக்கு யார் அலைவது" என்றான். மறுத்துவிட்டேன். அந்த மனிதர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மகன் மேல் வழக்கு இருக்கிறதே என்ற கலக்கம் முகத்தில் தெரிந்தது. பையன் சிறைக்குப் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு. இழப்பீட்டைத் தர வேண்டியது காரின் மூன்றாம் நபர் காப்பீடு. சாலையில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் அது கட்டாயம். என்னைப் போல் அடிபட்டவர்களுக்காகத்தானே அந்தப் பிரீமியத்தைக் கட்ட வைத்திருக்கிறார்கள்?

வக்கீல் செலவுக்கு என்ன செய்தாய் என்று கேட்பாய். மருத்துவமனை வாசலிலேயே ஒருவர், "வருவதில் கால் பங்கு கொடுத்தால் போதும்" என்று அட்டையை நீட்டினார். தீர்ப்பில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கே விதிப்படி கூடாது. நான் நேரே நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எனக்குக் கொடுத்த வக்கீல் ஒரு சின்னப் பெண், நம் தாடி சார் மாதிரியே எதையும் மூன்று முறை சொல்கிறாள். எனக்குப் பிடித்துவிட்டது.

அவள் சொல்லித்தான் தெரிந்தது: எலும்பு முறிந்தால், அது எத்தனை சின்ன எலும்பானாலும், சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவில், யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். 166ஆம் பிரிவில் போனால் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு நஷ்டத்தையும் தனித்தனியாகக் கேட்கலாம். மருத்துவச் செலவு, வேலையிழப்பு, வலி வேதனை, உடனிருந்தவர் செலவு, சத்தான உணவு, கிழிந்த புடவை வரை. தையல்காரிக்குச் சம்பளச் சீட்டு ஏது? ஏதும் இல்லாவிட்டாலும் விபத்து இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஓர் உத்தேச வருமானத்தை வைத்துக் கணக்கிடும். ஆனாலும் என் ஆர்டர் நோட்டையும் வாடிக்கைக்காரிகளிடம் எழுதி வாங்கிய கடிதங்களையும் அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பிரிவிலும் சேர்த்து வாங்க முடியாது, ஏதாவது ஒன்றில்தான். நான் 164இல் போட்டிருக்கிறேன். என்னுடையது சிறு காயம்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடும், எக்ஸ்ரே பதில் சொல்லட்டும்.

இனி செல்வம் விஷயம். ஆலங்குடி சாலையில் லோடு வேன் இடித்து, டிரைவர் கொடுத்த மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டானாமே? தோள்பட்டை எலும்பில் விரிசலாமே? விரிசலும் முறிவுதான் மல்லிகா. சுமை தூக்கிப் பிழைக்கிறவனுக்குத் தோள் போனால் என்ன இருக்கிறது? விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இப்போது சட்டத்தில் இருக்கிறது. அவனுக்குத் தை கடைசியில் அடிபட்டது என்றால் ஆடிதான் எல்லை. வாங்கிய பணத்துக்கு ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டானா என்று கேள். போட்டிருந்தாலும் சும்மா இருக்க வேண்டாம், வக்கீலிடம் காட்டட்டும். வேன் எண் தெரிந்தால் பரிவாகன் செயலியில் போட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று உன் மகளைப் பார்க்கச் சொல். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி பற்றிக் கேட்கலாம், புதுக்கோட்டை நீதிமன்றத்திலேயே ஆணைக்குழு இருக்கிறது.

"கௌரவம் என்ன ஆகும்" என்று அவன் முறுக்கிக்கொள்வான், எனக்குத் தெரியும். அவனைச் சின்ன வயதில் பின்சீட்டில் வைத்து மிதித்தவள் சொல்கிறேன் என்று சொல். அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல். ஒன்றையும் தூக்கிப் போடவேண்டாம்.

அம்மாவுக்கு என் வணக்கம். உன் நீல ஜாக்கெட்டும் தயார், கை அளவு மாறியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வாய்.

அன்புடன்,
சாந்தி